குஸ்கோவில் அரைத்த சாக்லேட் இரவு பஸ்ஸைத் தாங்குமா?

பெருவின் குஸ்கோ நகரத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு, மச்சு பிச்சுவைப் பார்த்து முடித்த மறுநாள் ஒரு பகல் மிச்சமாகிவிடும். விடுதி அறையைக் காலையிலேயே காலிசெய்ய வேண்டும், பஸ் ராத்திரிதான். அந்த இடைவெளிக்குத் தோதாக நகரத்தின் மையப்பகுதியில் சாக்லேட் வகுப்புகள் நடக்கின்றன. கொக்கோ விதையை வறுத்து, தோலுரித்து, கல்லில் அரைத்து, அச்சில் ஊற்றுவது வரை இரண்டு, இரண்டரை மணி நேரம். ஊற்றியது இறுக இன்னொரு முக்கால் மணி. சாயங்காலம் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிடலாம்.

மறுநாள் காலையில் வேறொரு ஊரில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால், நேற்றுப் பளபளவென்று இருந்த சாக்லேட் சில சமயம் சாம்பல் பூத்துக் கிடக்கும். பூசணம் என்று குப்பையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பூசணம் இல்லை, தின்றால் ஒன்றும் ஆகாது. அது வந்ததற்குக் காரணம் பாதி பஸ்ஸில் இருக்கிறது, பாதி வகுப்பில் இருக்கிறது. சாக்லேட் செய்வதில் சில வேலைகள் நிமிடக் கணக்கு, சில வேலைகள் நாள் கணக்கு. நாள் கணக்கு வேலையை அவசரப்படுத்த முடியாது. எது எந்தக் கணக்கு என்று தெரிந்துகொண்டால், எதைப் பையில் வைப்பது, எதை வாங்கிய இடத்திலேயே தின்றுவிடுவது என்பதும் தெரிந்துவிடும்.

கைக்கு வருமுன் முடிந்துவிட்ட வேலை

குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கொக்கோ விளையாது. அதே குஸ்கோ பிராந்தியத்தின் தாழ்வான பக்கத்தில், கில்யபாம்பா ஊரைச் சுற்றியுள்ள வெப்பப் பள்ளத்தாக்குகளில் விளைகிறது. சுஞ்சோ என்ற நாட்டு ரகம் அந்தப் பகுதிக்கே உரியது. விதை பொடியாக இருக்கும், வாசனை தூக்கல்.

பழத்தை உடைத்தால் முப்பது, நாற்பது விதைகள் புளிப்பும் இனிப்புமான வெள்ளைச் சதைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே வெயிலில் காயவைத்து வறுத்தால் சாக்லேட் வாசனை வராது. கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். அதனால் சதையோடு சேர்த்து மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலையால் மூடி, ஐந்து முதல் ஏழு நாள் நொதிக்க விடுகிறார்கள். முதலில் ஈஸ்ட்டுகள் சர்க்கரையைச் சாராயமாக்கும். நடுவில் கிளறிவிடும்போது காற்று புக, அசெட்டிக் அமில பாக்டீரியா அந்தச் சாராயத்தை வினிகராக்கும். இந்த வேலையில் குவியலின் சூடு 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். சூடும் அமிலமும் சேர்ந்து விதைக்குள் இருக்கும் முளையைக் கொன்றுவிடும். அதற்குப் பிறகுதான் நமக்கு வேண்டிய காரியம் நடக்கிறது: செல் சுவர்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதிகளும் புரதங்களும் கலக்கின்றன. புரதம் அமினோ அமிலமாகவும் சிறு துண்டுகளாகவும் உடைகிறது. சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. வறுக்கும்போது வரப்போகிற வாசனைக்கு இவைதான் மூலப்பொருள்.

பிறகு ஈரப்பதம் சுமார் 7 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்துவார்கள். ஆக, வகுப்பில் தட்டில் வைத்துத் தரும் விதை சுமார் இரண்டு வார வேலையைத் தாண்டி வந்தது. ஒரு விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக, மூளை மடிப்புபோல் விரிசல் விட்டிருந்தால் நன்றாக நொதித்தது. சிலேட்டுப் பலகை நிறத்தில் வழவழவென்று கெட்டியாக இருந்தால் நொதிக்கவே இல்லை. அதை எவ்வளவு வறுத்தும் பயனில்லை.

வறுப்பதும் உரிப்பதும்

இது நிமிடக் கணக்கு வேலை. வகுப்பில் முழுமையாகச் செய்யக்கூடியதும் இதுதான். ஆளுக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மண்சட்டியிலோ வாணலியிலோ ஒரு அடுக்காகப் பரப்பி, மிதமான தீயில், கை நிற்காமல் கிளற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஈரம்தான் போகும். அடுத்து மூக்கைக் குத்துகிற வினிகர் நெடி வரும்; நொதித்தபோது தங்கிய அமிலம் அது. பத்து நிமிடத்துக்கு மேல் போனதும் ஒன்றிரண்டு விதைகள் படபடவென்று வெடிக்கும், நெடி குறைந்து கேக் வேகும் வாசனை எழும். அப்போது ஒரு விதையை எடுத்து அழுத்தினால் தோல் நொறுங்கி விலக வேண்டும். 12 முதல் 15 நிமிடத்தில் நிறுத்திவிடலாம். அடுப்பை அணைத்தபின் சட்டியிலேயே விட்டால் சட்டிச் சூடு தீய்த்துவிடும். உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள்.

வாசனை வருவதற்குக் காரணம் மயார் வினை. அமினோ அமிலமும் குளுக்கோஸ் போன்ற சர்க்கரையும் 110 டிகிரிக்கு மேல் சேர்ந்து நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்களைத் தருகின்றன. தீயைக் கூட்டி ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்தால் தோல் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். அரைத்தபின் கரிச்சுவையும் துவர்ப்பும் ஒரே வாயில் தெரியும். வறுப்பதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. விதைகள் திறந்தவெளியில் காய்ந்தவை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தோலில் இருக்கலாம். பச்சை விதையைத் தொட்ட கையைக் கழுவாமல் வறுத்த பருப்பைத் தொடக்கூடாது.

200 கிராம் விதை வறுத்தபின் 190 கிராம் அளவில் நிற்கும். தோல் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு; கையால் உரிப்பதில் சிதறுவதையும் கழித்தால் 150 கிராம் பருப்பு கிடைக்கும். தோலை முறத்தில் புடைப்பதுபோல் ஊதிப் பிரிக்கலாம். தோல் துணுக்குகள் மிஞ்சினால் அரைத்த சாக்லேட்டில் மரத்தூள்போல் நாவில் தட்டும். அந்தத் தோலை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொக்கோ டீ என்று தருவார்கள். வாசனை நன்றாக இருக்கும். ஆனால் கொக்கோவில் உள்ள தியோப்ரோமின் லேசாகச் சிறுநீரைக் கூட்டும், கொஞ்சம் காஃபீனும் உண்டு. ராத்திரி பஸ்ஸில் தூங்க நினைக்கிறவர்கள் கொடுக்கிற ஒவ்வொரு கோப்பையையும் காலிசெய்ய வேண்டியதில்லை.

கல்லில் அரைத்தால் எவ்வளவு நைசாகும்?

கொக்கோ பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. 150 கிராம் பருப்பில் 75, 80 கிராம் கொக்கோ வெண்ணெய் இருக்கிறது. அது செல்களுக்குள் அடைபட்டிருப்பதால் பருப்பு மொறுமொறுவென்று உலர்ந்த பொருளாகத் தெரிகிறது. அரைக்கும்போது செல்கள் உடைந்து, உராய்வுச் சூட்டில் வெண்ணெய் உருக, பொடி களியாகி, களி கூழாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலேயே.

ஆண்டிஸ் மலைப்பகுதியில் அரைக்கும் கல்லுக்குப் பத்தான் என்று பெயர். அடிக்கல் தட்டையாகக் கிடக்கும்; மேல்கல்லை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து அரைப்பார்கள். வகுப்புகளில் சிறிய உரலும் உலக்கையும் தருவதும் உண்டு. குஸ்கோவில் இங்கேதான் முதல் சிக்கல். ஜூன், ஜூலையில் அறைச் சூடே 15 டிகிரியை ஒட்டி இருக்கும்; கல் அதைவிடச் சில்லென்று இருக்கும். உருகின வெண்ணெய் கல்லைத் தொட்டதும் உறைந்துகொள்ளும், எவ்வளவு அரைத்தாலும் ஈரமணல்போலவே நிற்கும். கல்லின் மேல் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துவிட்டு, பருப்பையும் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிப் போட்டால் பத்து, பதினைந்து நிமிடத்தில் கூழாகும்.

70 சதவீத சாக்லேட் வேண்டுமென்றால் 150 கிராம் பருப்புக்கு 65 கிராம் சர்க்கரை. கூழான பிறகுதான் சேர்க்க வேண்டும். உலர்ந்த வெள்ளைச் சர்க்கரையாக இருக்கட்டும். வெல்லம், பனைவெல்லம், ஈரமான நாட்டுச் சர்க்கரை எதுவும் இந்த இடத்தில் உதவாது. அவற்றில் இருக்கும் ஈரம் சர்க்கரைத் துகள்களின் மேல்பரப்பைக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஓடிக்கொண்டிருந்த கூழ் நொடியில் களிமண் உருண்டையாகிவிடும். நல்ல சாக்லேட்டில் மொத்த ஈரமே 1 சதவீதத்துக்குள்தான் இருக்கும்.

கை சலிக்கிற வரை அரைத்தாலும் நறநறப்பு போகாது. நாக்குக்கு வழவழப்பாகத் தெரிய, துகள்கள் 25 மைக்ரானுக்குள் வர வேண்டும்; கைக்கல்லில் வருவது அதைப்போலப் பல மடங்கு பெரியது. இந்த நைசுக்குக் கிரானைட் உருளைகள் 24 முதல் 48 மணி நேரம் ஓட வேண்டும். உலகம் முழுவதும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்களின் மேஜையில் இதற்காக ஓடுகிற இயந்திரம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: இட்லி மாவு அரைக்கும் டேபிள்டாப் வெட் கிரைண்டரிலிருந்து பிறந்தது. கோயம்புத்தூரில் செய்த கிரைண்டர்களை அமெரிக்காவில் வீட்டில் சாக்லேட் செய்கிறவர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கோவுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பின்னர் நாள் முழுக்க ஓடினாலும் சூடேறிச் சாகாத மோட்டார், உருளையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஆகியவற்றோடு கொக்கோவுக்கென்றே தனி மாடல்கள் வந்தன. வீட்டு கிரைண்டரில் முயல நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது அரைமணி, முக்கால்மணி ஓடி, தண்ணீரால் குளிர்ந்துகொள்ளும் இயந்திரம். கொக்கோ போட்டு இரவெல்லாம் ஓட்டினால் மோட்டாருக்கு உத்தரவாதம் கிடையாது.

அந்த 24 மணி நேரத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சூடான கூழ் காற்றில் புரண்டுகொண்டே இருப்பதால் மிச்சமிருக்கும் அசெட்டிக் அமிலமும் ஈரமும் ஆவியாகிப் போகும். ஒவ்வொரு துகளையும் கொழுப்பு போர்த்திக்கொள்ளும். காஞ்சிங் என்று இதற்குப் பெயர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரூடால்ஃப் லிண்ட் 1879இல் கண்டுபிடித்த முறை. அதற்கு முன்பு சாக்லேட் என்பது பெரும்பாலும் குடிக்கிற பண்டம்தான்.

இதிலிருந்து தெரிவது: வகுப்பில் நீங்கள் அரைத்த கூழ் ஒன்று, கடைசியில் அச்சில் ஊற்றக் கொடுக்கும் சாக்லேட் வேறு. முந்தின நாளே இயந்திரத்தில் அரைத்துத் தயாராக வைத்திருப்பதைத்தான் பெரும்பாலும் ஊற்றத் தருவார்கள். ஏமாற்று வேலை இல்லை. இரண்டரை மணி நேரத்தில் வேறு வழி கிடையாது. உங்கள் கூழ் வெந்நீரிலும் பாலிலும் கலந்து அங்கேயே குடிக்கக் கிடைக்கும். மிச்சம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

டெம்பரிங்: பஸ்ஸின் தலைவிதி இங்கே

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிக அமைப்புகளில் உறையக்கூடியது. ஒன்றிலிருந்து ஆறு வரை எண் கொடுத்திருக்கிறார்கள். முதல் வகை 17 டிகிரியிலேயே உருகிவிடும். நான்காவது 27 டிகிரி வாக்கில் உருகும். ஐந்தாவதுதான் நமக்கு வேண்டியது: சுமார் 34 டிகிரி வரை கெட்டியாக நிற்கும், விரலில் ஒட்டாது, உடைத்தால் சடக்கென்று ஒலிக்கும், வாயில் போட்டால் கரையும். ஆறாவது 36 டிகிரியில் உருகுவது. நேரடியாக உண்டாகாது, ஐந்தாவது வகை நாட்பட்டு மாறுவது.

உருகிய சாக்லேட்டைச் சும்மா ஆறவிட்டால் மூன்றும் நான்குமான மட்டமான வகைகள்தான் முந்திக்கொண்டு உண்டாகும். அவை வேகமாக உருவாகும், அடுக்கு தளர்வாக இருக்கும். எனவே ஐந்தாவது வகையின் விதைப் படிகங்களை மட்டும் உண்டாக்கி, மற்றவற்றை உருக்கி விலக்கிவிட்டு, அதன்பிறகு ஆறவிட வேண்டும். இதற்குத்தான் டெம்பரிங் என்று பெயர். கறுப்பு சாக்லேட்டுக்கு மூன்று வெப்பநிலைகள்: முதலில் 45 முதல் 50 வரை சூடாக்கினால் பழைய படிகங்கள் எல்லாம் அழியும். பிறகு கிளறிக்கொண்டே 27, 28 டிகிரிக்குக் கொண்டுவந்தால் நான்கும் ஐந்தும் உண்டாகும். மீண்டும் 31, 32க்கு ஏற்றினால் நான்கு உருகிவிடும், ஐந்து மட்டும் நிற்கும். பால் சாக்லேட்டுக்குக் கடைசி எண் 29, 30. பால் கொழுப்பு கலந்திருப்பதால் அதன் படிகங்கள் கொஞ்சம் சீக்கிரம் உருகும்.

பளிங்குப் பலகையில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றி, தகட்டால் பரப்பிப் பரப்பி வாரிச் சேர்த்துக் குளிரவைத்து, மிச்சத்தோடு கலப்பது ஒரு முறை. விதை போடுவது இன்னொரு முறை: 500 கிராமில் 375 கிராமை 45 டிகிரிக்கு உருக்கி இறக்கிவிட்டு, ஏற்கெனவே நன்றாக டெம்பர் ஆன சாக்லேட்டை 125 கிராம் பொடியாகச் சீவி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 32 டிகிரி வரும்வரை கிளற வேண்டும். கிரைண்டரிலிருந்து இறங்கிய புதுக் கூழ் டெம்பர் ஆகாதது. அதையே விதையாகப் போட்டால் பலன் இல்லை.

உயரத்தால் இதில் மாற்றம் உண்டா? குஸ்கோவில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கேரமல், சர்க்கரைப் பாகு போன்ற பூரணங்களின் பக்குவ எண்கள் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைத்துக் கொள்ளப்பட வேண்டும். கொழுப்பு உருகுவதும் உறைவதும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது இல்லை. 32 என்றால் சென்னையிலும் 32, குஸ்கோவிலும் 32.

குஸ்கோவில் கெடுப்பது குளிர்தான். உலோகக் கிண்ணத்தின் ஓரம் சீக்கிரம் குளிர்ந்து, ஓரத்தில் கட்டிகள் சேர, நடுவில் 33 டிகிரி இருக்கும். தெர்மாமீட்டரை நடுவில் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அச்சும் 12, 13 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். அதில் ஊற்றினால் அச்சைத் தொட்ட படலம் அதிர்ச்சியில் மட்ட வகைப் படிகங்களாக உறைந்து மங்கலாகும். ஊற்றுவதற்கு முன் அச்சை ஹேர் டிரையரால் 22, 24 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்வது நல்லது. கையில் பிடித்தால் சில்லிப்பும் இருக்காது, சூடும் தெரியாது.

ஊற்றுமுன் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து வைத்துப் பாருங்கள். 18, 20 டிகிரி அறையில் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரே சீராக இறுகி மினுங்கினால் சரி. பத்து நிமிடமாகியும் பிசுபிசுப்பாகவோ கோடு கோடாகவோ இருந்தால் டெம்பர் ஆகவில்லை. இந்தச் சோதனையில் தோற்ற சாக்லேட், பஸ் ஏறாவிட்டாலும் பூக்கும்.

மேலே தூவ வகுப்பில் பத்துப் பதினைந்து கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். பொரித்த கினோவா, மிளகாய்ப் பொடி, காபித் தூள் ஆகியவை உலர்ந்தவை, பிரச்சினை இல்லை. மராஸ் உப்பளத்து உப்பு குஸ்கோ பக்கத்துப் பெருமை. ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும், மழைக்காட்டுப் பக்கம் போகிறவர்களின் சாக்லேட்டில் அது நீர்ப்புள்ளியாக நிற்கும். வேர்க்கடலையும் பிரேசில் கொட்டையும் எண்ணெய் கசிபவை. அந்த எண்ணெய் கொக்கோ வெண்ணெயில் ஊடுருவி மென்மையாக்கும், பூப்பதை விரைவுபடுத்தும். கோகா (கொக்கோ இல்லை, கோகெய்ன் எடுக்கும் வேறு செடி) இலைத் தூள் பெருவில் சட்டப்படி சரி. பல நாடுகளின் சுங்கத்தில் சரியில்லை. ஊருக்குக் கொண்டுபோகும் சாக்லேட்டில் அதைத் தூவாதீர்கள்.

ஃப்ரிட்ஜும் அவசரமும்

உறையும்போது படிகமாதல் சூட்டை வெளிவிடும். அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள 10, 12 டிகிரியில் 15, 20 நிமிடம் போதும். நன்றாக டெம்பர் ஆன சாக்லேட் உறையும்போது சுருங்கி அச்சைவிட்டுத் தானே விலகும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அச்சைத் திருப்பிப் பார்த்தால் ஒட்டியிருக்கும் இடம் கறுப்பாகவும் விலகிய இடம் சாம்பல் மினுக்காகவும் தெரியும்; முழுதும் மினுக்காகிவிட்டால் தட்டிக் கவிழ்க்கலாம்.

வகுப்புகளில் 4, 5 டிகிரி ஃப்ரிட்ஜில் முக்கால் மணி வைப்பது வழக்கம். மே முதல் செப்டம்பர் வரையிலான உலர்காலத்தில் பரவாயில்லை, காற்றில் ஈரமே இருக்காது. ஜனவரி, பிப்ரவரி மழையில் அந்தக் குளிர்ந்த சாக்லேட்டை வெளியே எடுத்ததும் மேலே வேர்க்கும். அந்த நீர் சர்க்கரையைக் கரைத்து, பிறகு காய்ந்து, சொரசொரப்பான வெள்ளைப் படலமாகும். இது சர்க்கரைப் பூப்பு. பொட்டலத்தை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மூடிவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறப்பது இதைத் தடுக்க வழி.

ஆனால் கையில் வாங்கும்போது கெட்டியாக இருப்பதாலேயே வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. படிகமாவது இன்னும் ஒன்றிரண்டு நாள் மெல்லத் தொடரும். தயாரிப்பாளர்கள் புது சாக்லேட்டை 16, 18 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். நீங்களோ நான்கு மணி நேரத்தில் பஸ் ஏற்றுகிறீர்கள். ஒரே கிண்ணத்தில் ஊற்றிய இரண்டு கட்டிகளில் அன்றே வெயிலைச் சந்தித்தது முதலில் பூப்பது இதனால்தான்.

இரண்டு பாதைகள்

குஸ்கோவிலிருந்து அரெகிபாவுக்கு இரவு பஸ் சுமார் பத்து மணி நேரம். மேட்டு நிலம் வழியாகப் போய் 2,300 மீட்டர் உயரத்தில் இறக்கும். காலையில் சில்லென்றுதான் இருக்கும். சாக்லேட்டுக்கு இது பத்திரமான பாதை. இதில் ஆபத்து வெளியே இல்லை, பஸ்ஸுக்குள்ளே: ஹீட்டர். ஜன்னலோரம் கால்பக்கத்தில் சூடான காற்று வரும் இடத்தில் பையை வைத்தால் ராத்திரி முழுக்க 35 டிகிரியில் கிடக்கும். சட்டைப் பையில் வைப்பதும் அதே கதைதான், உடம்புச் சூடே உருக்கிவிடும்.

புவெர்த்தோ மால்டொனாடோ போகும் பஸ்ஸுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். பாதைதான் வேறு உலகம். முதலில் 4,700 மீட்டருக்கு மேலான கணவாயைத் தாண்டி, அங்கிருந்து அமேசான் காட்டுக்குள் 200 மீட்டருக்கும் கீழே இறங்கும். உறைபனிக் குளிரும் 30 டிகிரிப் புழுக்கமும் ஒரே இரவில்.

28 டிகிரியைத் தாண்டியதும் கொக்கோ வெண்ணெயின் இளகிய பகுதி உருகத் தொடங்கும். கட்டி வடிவம் மாறாமல் இருந்தாலும் உள்ளே திரவம் நகரும். அது மெல்லிய இடுக்குகள் வழியே மேற்பரப்புக்கு வந்து, குளிரும்போது பெரிய படிகங்களாக உறையும். ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிவது அதுதான், கொழுப்புப் பூப்பு. சர்க்கரைப் பூப்பிலிருந்து பிரித்தறிய விரலால் சில நொடி தேய்த்தால் போதும். கொழுப்பானால் உருகி மறைந்துவிடும். சர்க்கரையானால் மறையாது, நுண்மணல்போல் நெருடும்.

காற்றழுத்தமும் தன் பங்குக்கு விளையாடும். குஸ்கோவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே மூடிய ஜிப் பை கணவாயில் ஐந்தில் ஒரு பங்கு உப்பும், கொஞ்சம் காற்று கசிந்து போகும். தாழ்நிலத்துக்கு இறங்க இறங்கப் பை ஒட்டிப்போய், கசிந்த வழியே வெளிக்காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று அமேசானின் ஈரக்காற்று. அதனால் மூடும்போதே காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகளில் போட வேண்டும்.

கட்டுவதற்கு விசேஷச் சாமான் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கட்டியையும் அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றி, இரண்டு பைகளில் போட்டு, குஸ்கோக் குளிரில் சில்லிட்டிருக்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை நன்றாக மூடி, துடைத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கம்பளி ஸ்வெட்டரில் சுருட்டிவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 2,100 ஜூல் வேண்டும். 100 கிராம் சாக்லேட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். வெளியிலிருந்து வரும் சூட்டைப் பாட்டில்தான் முதலில் வாங்கிக்கொள்ளும். ஐஸ் வைக்க வேண்டாம்; இறங்குமிடத்தில் வேர்க்கும். கைப்பையிலேயே, ஹீட்டருக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். சரக்கறை எஞ்சினை ஒட்டியிருந்தால் சூடு, தள்ளியிருந்தால் குளிர், எது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. சோப்பு, பாலோ சாந்தோ குச்சி போன்ற வாசனைப் பொருட்களோடு வைக்காதீர்கள், கொழுப்பு எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். காலையில் இறங்கியதும் ஆசையாகப் பிரிக்கவும் வேண்டாம். கட்டி வெளிச்சூட்டுக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் தின்று முடிப்பது உத்தமம். நடுப்பகல் 32 டிகிரியை எந்த ஸ்வெட்டரும் தடுக்காது.

கல்லில் அரைத்த மிச்சக் கூழ்

புவெர்த்தோ மால்டொனாடோ பாதையில் போகிறவர்களுக்கு எங்கள் யோசனை வேறு. அச்சில் ஊற்றிய பளபளப்பான கட்டியை குஸ்கோவிலேயே தின்றுவிடுங்கள். நறநறவென்று நீங்களே அரைத்த கூழைப் பொட்டலம் கட்டுங்கள். குஸ்கோ சந்தைகளில் கோப்பைச் சாக்லேட் என்று வில்லைகளாக விற்பது கிட்டத்தட்ட இதுதான். கிறிஸ்துமஸ் காலத்தில் பெரு முழுக்க அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிற பண்டம். கரைத்துக் குடிக்கப் போவதால் அதற்கு டெம்பரிங் தேவையில்லை. பூத்தால் பூக்கட்டும்; உருகி மறுபடி உறைந்தாலும் ருசியில் மாற்றமில்லை. சர்க்கரை எப்படியும் பாலில் கரையும், கொக்கோத் துகளின் நறநறப்பு நுரைக்குள் பெரிதாகத் தெரியாது.

கூழை வெண்ணெய்த் தாளில் ஊற்றி, 30 கிராம் அளவு வில்லைகளாகக் குளிரவிட்டுச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு வில்லைக்கு 200 மில்லி பால், விரும்பினால் பட்டை ஒரு துண்டு. பால் கொதிவரும்போது வில்லையை நொறுக்கிப் போட்டு, தீயைக் குறைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொக்கோவின் மாவுச்சத்து வெந்து கொஞ்சம் கெட்டிப்படும். இறக்கி, மோலினியோ என்ற மரக்கடைகோலை இரு உள்ளங்கைக்கு நடுவே உருட்டிக் கடைவார்கள். நம் வீட்டு மத்தும் அதே வேலையைச் செய்யும். கடையாமல் வைத்தால் கொழுப்பு மேலே எண்ணெய்ப் படலமாக மிதக்கும், தூள் அடியில் தங்கும். ஒரு நிமிடம் கடைந்து, நுரை அடங்குமுன் ஊற்றிவிட வேண்டும்.

ஊற்றிய கட்டியையும் எடுத்துப் போய், அது பூத்தேவிட்டால், கொழுப்புப் பூப்பானால் வீட்டில் 45 டிகிரிக்கு உருக்கி மறுபடி டெம்பர் செய்யலாம், பழையபடி வந்துவிடும். சர்க்கரைப் பூப்பானால் உருக்கினாலும் நெருடல் போகாது. அதையும் இந்தப் பாலிலேயே போட்டுவிடலாம்.